ஒத்தி

சனிக்கிழமை கூலியை
டிபன் பாக்ஸில் போட்டு மூடிக்கொண்டு வந்தேன்.
திங்கட்கிழமை அடுத்த சந்தில்
வேறு அப்பளக் கம்பெனி.
கிலோவுக்கு மூன்று ரூபாய் கூட.
பழைய முதலாளி ஏனென்று கேட்கவில்லை,
பலகையைக் கழுவி வைத்தாயா என்றார்.
வைத்திருந்தேன்.

அதே வாரம்தான் தம்மாமிலிருந்து நீ சொன்னாய்:
நல்ல கம்பெனி ஒன்று கூப்பிடுகிறது,
ஆனால் கஃபீல் ரிலீஸ் தரவேண்டும்.

ரிலீஸ் என்றால் மதுரைக்குத் தெரிந்தது
வெள்ளிக்கிழமை, பேனர், பால் குடம்.
இது வேறு என்றாய்.
இக்காமாவில் நீ லோடு ஏற்றுகிற ஆள்,
கையில் இருப்பதோ ஏசி ஸ்பானர்.
கேட்காமல் போனால்
ஓடிப்போனவன் என்று எழுதிவிடுவார்களாம்.

வில்லாபுரத்தில் நம் தெருவில்
ஓடிப்போனவள் என்று இரண்டு பேரைச் சொல்வார்கள்.
இரண்டு பேருமே கல்யாணத்துக்குத்தான் ஓடினார்கள்.
வேலை மாறுகிறவனுக்குமா அந்தப் பேர், தவசி?

ஆறாயிரம் ரியால் வை என்றானாம் கஃபீல்.
உன்னைக் கொண்டுவந்த செலவாம்.
போன் சூடாகும்வரை பேசினோம்.
வைத்த பிறகு
மின்விசிறியைப் பார்த்துப் படுத்திருந்தபோது விளங்கியது.
இந்த வீட்டில் நான் இருப்பது எப்படியோ
அப்படித்தான் நீ அங்கே.
மூன்று லட்சம் கொடுத்தோம்,
வாடகை இல்லை, வட்டி இல்லை.
வீடு பால்தங்கம் அக்காவுடையது.
பணம் நம்முடையது, ஆனால் அவர் கையில்.
அது வந்தால்தான் வாசல் தாண்ட முடியும்.

அக்காவிடம் கேட்டேன்.
அடுத்த ஒத்திக்கு ஆள் வரட்டும், தருகிறேன் என்றார்.
அவரையும் குறை சொல்வதற்கில்லை,
நம் பணம் எப்போதோ
அவர் மகனின் லாரிக்கு டயராகிவிட்டது.

நாற்பத்தொரு நாள்
வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டைத் திறந்து காட்டினேன்.
ஒருவர் தண்ணீர் கேட்டார், எத்தனை நாளைக்கு ஒருமுறை என்று.
ஒருவர் நீங்கள் என்ன ஆட்கள் என்று கேட்டார்.
ஓதம் ஏறிய சுவரில் காலண்டரை மாட்டியிருந்தேன்.
ஆமாம், மறைக்கத்தான்.
கடைசியாக வந்த பெண்
சுவரைத் தொட்டாள், விரலைப் பார்த்தாள்,
காலண்டரைத் தூக்கவில்லை.
அவளுக்கும் எங்கிருந்தோ
சீக்கிரம் வெளியேற வேண்டியிருந்தது போல.

பதினொரு வருஷமாய் அங்கிருந்து இங்கே வந்த பணம்
முதல் தடவையாக இங்கிருந்து போனது.
போனது என்றா சொல்ல?
நெல்பேட்டையில் சுல்தான் பீவி
எச்சில் தொட்டு இரண்டு தரம் எண்ணி
பீரோவில் வைத்துப் பூட்டினார்.
மகனுக்குப் போன் போட்டு
கொடுத்துரு வாப்பா என்றார்.
மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்
அவர் மகன் உன் கையில் ரியாலாய்க் கொடுத்தான்.
நான் ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் வீடு திரும்பினேன்,
பை காலியாக இருந்தும்
பழக்கத்தில் இறுக்கிப் பிடித்தபடி.

ஒன்பது நாள் கழித்து
பச்சை நிறத்தில் ஒரு வரி,
படம் பிடித்து அனுப்பியிருந்தாய்.
அரபு எழுத்து.
தலைகீழாய்ப் பிடித்தாலும் எனக்கு ஒன்றுதான்,
பச்சை மட்டும் புரிந்தது.
புது கஃபீல் எப்படி ஆள் என்று கேட்டேன்.
இன்னும் பார்க்கவில்லை என்றாய்.
எத்தனை வருஷம் கையெழுத்து என்று கேட்டேன்.
சாப்பிட்டாயா என்று கேட்டாய்.

அவனியாபுரத்தில் ஓர் அறை பிடித்திருக்கிறேன்.
பிமானம் இறங்கும்போது தட்டு அதிரும்,
சின்னவள் பிமானம் என்றுதான் சொல்கிறாள், திருத்தவில்லை.
மாதம் நாலாயிரத்து ஐந்நூறு,
அட்வான்ஸ் இருபதாயிரம், கரண்ட் தனி.
காலி செய்வதென்றால்
ஒரு மாதம் முன்னால் சொன்னால் போதுமாம்.
வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே
உன்னிடம் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.
போகவில்லை,
பின்னால் ஏதோ மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.
கடைசியாகச் சொன்னதை
இன்னொரு தடவை சொல் என்றாய்.